பதினேழாம் நம்பர் மெஷின்

தையலக்காவுக்கு ஐம்பது நிறைய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஷூ கம்பெனி அறிவிப்பில் 'வயது ஐம்பதுக்குள் இருக்க வேண்டும்' என்று போட்டிருந்ததைப் படித்ததும், யாரோ தன்னை மனதில் வைத்துக்கொண்டே அதை எழுதியதுபோல் அவளுக்குப் பட்டது. முப்பது பேர் தேவை. ஆறு வாரம் பயிற்சி. தேறியவர்களுக்கு வேலை. கீழே சின்ன எழுத்தில், தையல் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை.

தெருவே அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கணவர் இறந்தபோது மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தான். அப்போது வாசல் அறையில் ஒரு மெஷினைப் போட்டு உட்கார்ந்தவள், இருபத்துநான்கு வருடமாக எழுந்திருக்கவில்லை. சட்டை, பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, தலையணை உறை என்று அவள் கை படாத துணி அந்தத் தெருவில் இல்லை. இன்றைக்கும் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் வருகிறவர்கள் அளவு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுபடி துணியை வாங்கிக்கொண்டு போக வருகிறார்கள். நடுவில் இருக்கும் பொழுதெல்லாம் அவளும் எதிர்ச் சுவரும்தான்.

மருமகள் அப்படியில்லை. ஏழு வருடமாக அந்த ஷூ கம்பெனியில் வேலை. முதலில் தையல் பிரிவில் இருந்தாள். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். காலையில் தலையை இழுத்து வாரி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கைப்பையோடு அவள் படியிறங்கிப் போவதைத் தையலக்கா மெஷினில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. வேறு பெயரும் கிடைக்கவில்லை.

அறிவிப்பைப் பார்த்த மறுநாளே போட்டோவோடு போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். 'தையல் அனுபவம் உண்டா' என்று அங்கிருந்த பெண் கேட்டபோது தையலக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. ஆச்சரியப்படுத்தலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில், 'நானும் வரட்டுமா?' என்று மருமகளிடம் கேட்க அவள் நாக்கு எழவில்லை.

பயிற்சிக் கூடம் நீளமான ஓட்டுக் கட்டடம். இரண்டு பக்கமும் பதினைந்து பதினைந்தாக மெஷின்கள். வீட்டில் இருப்பதுபோல் இவற்றுக்குத் தட்டையான பலகை கிடையாது. அடித்தட்டிலிருந்து சாண் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம் எழுந்து நின்றது. அதன் உச்சியில்தான் ஊசி இறங்கியது. துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்துக்குப் பதிலாக ஒரு சின்ன சக்கரம். எல்லோருக்கும் நம்பர் போட்ட ஏப்ரன் கொடுத்தார்கள். தையலக்காவுக்குப் பதினேழு.

மருமகள் கையில் பட்டியலோடு உள்ளே வந்தாள். ஒன்று, இரண்டு என்று ஆளையும் நம்பரையும் சரிபார்த்துக்கொண்டே வந்தவள் பதினேழில் நின்றாள். பேனா அப்படியே காகிதத்தின் மேல் நின்றது. பிறகு பதினெட்டு என்று தொடர்ந்தாள். பட்டியலை முடித்துவிட்டு, "பதினேழு, கொஞ்சம் வெளிய வாங்க" என்றாள்.

கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள்.

"என்ன அத்தை இது?"

"என்னவா? வேலைக்கு வந்திருக்கேன்."

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

மருமகள் அதை மறுக்கவில்லை. சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். "சரி, ஒண்ணே ஒண்ணு. இந்த வாசலுக்கு உள்ள நான் உங்க மருமக இல்ல. நீங்க பதினேழு. மத்தவங்களை எப்படிப் பேசுவேனோ அப்படித்தான் உங்களையும் பேசுவேன். யாருக்கும் விஷயம் தெரியவும் வேண்டாம். தெரிஞ்சா, நீங்க நல்லா தைச்சாலும் என்னாலம்பாங்க, தைக்கலைன்னாலும் என்னாலம்பாங்க."

"நான் தைக்காம போயிடுவேனா?"

"பார்க்கலாம்."

"அப்ப உன்னை நான் எப்படிக் கூப்பிடறது?"

"எல்லாரும் டீச்சர்னுதான் கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு மருமகள் முன்னால் நடந்தாள்.

முதல் வாரம் முழுக்கக் காகிதம்தான். நூல் கோக்காத ஊசியை, காகிதத்தில் அச்சடித்த கோட்டின் மேல் ஓட்ட வேண்டும். நேர்கோடு, வளைகோடு, வட்டம், கடைசியில் நத்தைக் கூடுபோல் சுருண்டு சுருண்டு உள்ளே போகும் ஒரு கோடு. தையலக்காவுக்கு அவமானமாக இருந்தது. ஊருக்கே சட்டை தைத்தவளை உட்கார வைத்துக் காகிதத்தில் ஓட்டை போடச் சொன்னால்? படபடவென்று பெடலை மிதித்தாள். மற்றவர்கள் ஒரு காகிதம் முடிப்பதற்குள் அவள் நான்கு முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மருமகள் ஒவ்வொரு காகிதமாக விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினாள். ஊசி போன இடமெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. கோட்டின் மேலேயே வெளிச்சம் வந்தால் சரி. பதினேழின் காகிதத்தில், வளைவு வரும் இடமெல்லாம் வெளிச்சம் கோட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்திருந்தது.

"பதினேழு, யாராவது துரத்துறாங்களா உங்களை?"

கூடமே சிரித்தது. தையலக்காவின் காது சூடானது.

பதினெட்டின் காகிதம் அடுத்து வந்தது. ஒரு புள்ளிகூட விலகவில்லை. பதினெட்டாம் நம்பர் மெஷினில் இருந்தவளைக் கண்டக்டரம்மா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். பதினோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து, நின்று நின்றே கால் மூட்டு போனவள். "எனக்கு ஒரே ஆசைதாங்க்கா, உக்காந்து பாக்கற வேலை வேணும். எது குடுத்தாலும் சரி" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதுவரை ஒரு பட்டன்கூட அவள் தைத்ததில்லை. அவளுக்குத்தான் கூடத்தில் முதல் பாராட்டு.

"எப்படிடி பண்ற?" என்று தையலக்கா மெல்லக் கேட்டாள்.

"தெரியலக்கா. அவங்க சொன்னபடி பண்றேன். எனக்கு வேற எதுவும் தெரியாதே!"

இரண்டாம் வாரம் தோல் வந்தது. முதலில் வெட்டியது போக மிஞ்சிய கறுப்புத் துண்டுகள். தையலக்கா விரலால் தடவிப் பார்த்தாள். மெத்தென்று, நல்ல துணிபோலத்தான் இருந்தது. இப்போது பார், என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஏப்ரன் பையிலிருந்த குண்டூசி டப்பாவை எடுத்து, வழக்கம்போல் நான்கு இடத்தில் குத்தினாள். வீட்டிலிருந்து அந்த டப்பாவைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

மருமகள் வந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நான்கு ஓட்டை. துண்டை விரலில் வளைத்துக் காட்டினாள். ஓட்டைகள் கண் திறந்தன.

"துணின்னா தண்ணி தெளிச்சு தேய்ச்சா இழை கூடிக்கும். இது கூடாது. ஒரு தடவை குத்தினா குத்தினதுதான். பசை தடவி ஒட்டுங்க, அப்புறம் தைங்க." கையை நீட்டினாள். "டப்பாவைக் குடுங்க. பயிற்சி முடிஞ்சதும் வாங்கிக்கலாம்."

பள்ளிக்கூடப் பிள்ளையிடம் பறிப்பதுபோலப் பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அப்படித்தான். தையலக்காவின் இடது கை தன்பாட்டில் பின்பக்கம் போய்த் துணியை இழுப்பதுபோல் தோலை இழுத்தது. இழுத்த இடத்தில் தையல் நீண்டு போனது. முடிக்கும்போது முன்னும் பின்னுமாக நாலு தடவை ஓட்டிக் கெட்டிப்படுத்தினாள். அந்த இடத்தில் தோல் அறுந்தே போனது. நூலை அடிப்பக்கம் இழுத்து, நுனியை லைட்டரால் லேசாகச் சுட்டு அமுக்க வேண்டும் என்றார்கள். அவள் பல்லால் கடித்தாள். இருபத்துநான்கு வருடம் சோறு போட்ட கைகள், இப்போது அவளுக்கே எதிராளி மாதிரி நின்றன.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் நீள மேசையில் கூட்டமாக உட்காருவார்கள். தையலக்கா ஆசைப்பட்டது இதற்குத்தான்: இரைச்சல், பக்கத்து டப்பாவை எட்டிப் பார்ப்பது, யார் வீட்டுக் கதையோ. அன்றைக்குக் கதை டீச்சரைப் பற்றி.

"கண்ணா அது? பூதக்கண்ணாடி!" என்றாள் ஒருத்தி.

"எனக்கு ஒரு கவலைதான்" என்றாள் கண்டக்டரம்மா, தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே. "இது வீட்ல ஒரு மாமியார் இருப்பாங்க இல்ல? அந்தப் பொம்பளையை நினைச்சாத்தான் பாவமா இருக்கு."

மேசை குலுங்கியது. தையலக்காவுக்குப் புரை ஏறியது. கண்டக்டரம்மா முதுகைத் தட்டிவிட்டாள்.

"ஆமா" என்றாள் தையலக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாவம்தான்."

வீட்டில் இருவரும் கம்பெனியைப் பற்றிப் பேசுவதில்லை. போவதும் வருவதும்கூடத் தனித்தனிதான். மருமகள் முதல் பஸ்ஸில், தையலக்கா அடுத்த பஸ்ஸில். ஒன்பது வயதுப் பேத்திதான் நடுவில் கிடந்து குழம்பினாள். "ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தானே போறீங்க? சண்டையா?" என்று கேட்டாள். "சண்டையெல்லாம் இல்ல, பாடத்தைப் படி" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

நான்காம் வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. லாரி ஓட்டும் மகன் வெளியூர் போயிருந்தான். பேத்தி பக்கத்து வீட்டில். மருமகள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தையலக்கா சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, கடைசியில் கையிலிருந்த தோல் துண்டை அவள் முன்னால் வைத்தாள். பயிற்சிக் கூடத்துக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து வந்தது.

"இந்த வளைவு எனக்கு வரவே மாட்டேங்குது. எங்க தப்புன்னு பாரேன்."

மருமகள் துண்டைப் பார்த்தாள், தொடவில்லை. "நாளைக்குக் கூடத்துல கேளுங்க, சொல்றேன்."

"இப்ப சொன்னா குறைஞ்சா போயிடுவ? நான் என்ன வேத்தாளா?"

"வீட்ல வேண்டாம், அத்தை."

"ஏன் வேண்டாம்? வந்த நாள்லேருந்து பாக்கறேன், உனக்கு எம்மேல என்ன கோவம்? ஊருக்கெல்லாம் சொல்லித் தர, எனக்குச் சொல்லித் தர வாய் வராதா? இந்த வீட்ல ஒரு மெஷின் இருக்கு. இத்தனை வருஷத்துல ஒரு நாள் அதுல நீ உக்காந்திருப்பியா? தையல் தெரிஞ்ச பொண்ணுன்னுதானே உன்னைக் கட்டினோம்?"

மருமகள் மடித்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"உக்காந்தேன். ஒரு நாள்."

"எப்ப?"

"பாப்பா பொறந்து மூணு மாசத்துல. மஞ்சத் துணியில ஒரு கவுன் தைச்சேன். நான் தாயானப்புறம் தைச்ச முதல் துணி அது. நீங்க கடைக்குப் போயிருந்த நேரமா பாத்து தைச்சு, மடிச்சு அலமாரியில வைச்சேன். மறுநாள் காலைல பாப்பாவுக்குப் போட எடுத்தேன். அது நான் தைச்ச கவுனா இல்ல. கழுத்து வேற, கை வேற. முழுசா பிரிச்சு மறுபடி தைச்சு வைச்சிருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லல."

தையலக்கா நினைவை எவ்வளவோ துழாவினாள். மஞ்சள் துணி ஞாபகம் வந்தது. குழந்தை அதைப் போட்டுக்கொண்டு குப்புறக் கிடந்தது ஞாபகம் வந்தது. பிரித்தது ஞாபகம் இல்லை. பிரித்திருப்பாள். எத்தனை கவுனைப் பிரித்திருக்கிறாள், எத்தனை பேர் கொண்டுவந்த கோணல் தையலைப் பிரித்து நேராக்கியிருக்கிறாள்! அது அவளுக்குக் கொட்டாவி விடுவதுபோல ஒரு காரியம்.

"நல்லதுக்குத்தானேம்மா பண்ணியிருப்பேன்..."

"எனக்குத் தெரியும் அத்தை. நல்லதுக்குத்தான். அதனாலதான் நானும் எதுவும் சொல்லல." மருமகளின் குரல் ஏறவில்லை, அதுதான் தையலக்காவுக்குத் தாங்கவில்லை. "ரெண்டு வருஷம் கழிச்சு இந்தக் கம்பெனிக்குப் போனேன். முதல் நாள் சொன்னாங்க, தோல்ல தைச்சா பிரிக்க முடியாதுன்னு. அதைக் கேட்டப்ப எல்லாரும் பயந்தாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. நான் தைக்கறதை இனிமே யாராலயும் பிரிக்க முடியாது, பாருங்க."

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். தோல் துண்டு கட்டிலின் மேல் கிடந்தது.

அன்று பொழுது சாயும்வரை தையலக்கா வாசல் அறையில் தன் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். முதலில் கோபம் வந்தது. ஒரு கவுனுக்கா ஒன்பது வருடம்? பிறகு தன் பங்கை எண்ணிப் பார்த்தாள். இந்த மெஷினில் அவளுக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. கணவர் இல்லை, மாமியார் இல்லை. கோணலோ நேரோ, அவள் வைத்ததுதான் சட்டம். தப்பு செய்தால் அவளே பார்த்து, அவளே பிரித்து, அவளே தைத்தாள். வேறு ஒரு ஜீவனுக்குத் தெரியாது. அப்படியே பழகிவிட்டதால், இன்னொருத்தியின் தையலில் கை வைப்பதும் தன் தையலில் கை வைப்பதும் அவளுக்கு ஒன்றாகவே இருந்திருக்கிறது. பிள்ளை பெற்று மூன்றே மாதமான அந்தப் பெண் அலமாரியைத் திறந்து நின்ற காலை நேரத்தை அவள் ஒரு தடவையும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தாள். நினைக்க நினைக்க, கோபம் போன வழி தெரியவில்லை.

மறுநாள் கூடத்தில் அவள் கையைத் தூக்கினாள். "டீச்சர், வளைவு வரல."

மருமகள் வந்து பின்னால் நின்றாள். "தைங்க பார்ப்போம்." நான்கு தையல் போவதற்குள் நிறுத்தச் சொன்னாள். "தோலை ஊசிக்கு ஏத்தபடி திருப்பறீங்க. கம்பம் எதுக்கு நிக்குது? அதைச் சுத்தித் தோல் தானா திரும்பும். நீங்க வழிதான் காட்டணும், இழுக்கக் கூடாது. கடைசி மூணு தையலுக்கு பெடல் வேண்டாம். சக்கரத்தைக் கையாலயே சுத்துங்க."

"எங்க பாக்கறது, டீச்சர்? ஊசியையா?"

அதற்குக் கண்டக்டரம்மா பக்கத்து மெஷினிலிருந்து பதில் சொன்னாள். "நான் ஊசியையே பாக்கறதில்லக்கா. ஓரத்தைத்தான் பாக்கறேன். ஊசி எங்க போயிடப் போகுது?"

"அதேதான்" என்றாள் மருமகள்.

அன்று தையலக்கா பாதி வேகத்தில் தைத்தாள். அடுத்த நாள் அதிலும் பாதி. இடது கை பின்னால் போகப் போக, அதை ஏப்ரன் பைக்குள் செருகிவிட்டு ஒற்றைக் கையால் தைத்துப் பழகினாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஐந்தாம் வாரக் கடைசியில் ஒரு வளைவு ஒழுங்காக வந்தது. அதை யாருக்கும் காட்டாமல் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு நாளன்று ஆளுக்கு ஒரு ஜோடி அப்பர் தைக்க வேண்டும். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம்; அடிப்பாகம் வைப்பதற்கு முன்னால், அது வெறும் தோல் உறையாக இருக்கும். முன்பக்கம், இரண்டு பக்கவாட்டுத் துண்டு, குதிகாலைச் சுற்றி ஒரு பட்டை. இடதும் வலதும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மூன்று மணி நேரம்.

தையலக்கா வலதை முடித்தாள். அவளுக்கே திருப்தியாக இருந்தது. இடதில் குதிகால் பட்டையைச் சுற்றி வரும்போது வெளியே ஏதோ லாரி ஹார்ன் அடித்தது. மகன் ஞாபகம் வந்ததோ என்னவோ, கால் ஒரு துளி அழுந்திவிட்டது. இரண்டு தையல் ஓரத்தை விட்டு வெளியே போய்விட்டன.

கையைத் தூக்கிச் சொல்லியிருக்கலாம். வேறு துண்டு கொடுத்திருப்பார்கள், நேரமும் இருந்தது. ஆனால் அவள் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். கத்தரி நுனியால் அந்த இரண்டு தையலை எடுத்தாள். ஓட்டைகளை நகத்தால் அமுக்கினாள்; சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினாள்; கறுப்பு மெழுகைத் தேய்த்தாள். விட்ட இடத்திலிருந்து சரியான கோட்டில் தைத்து முடித்தாள். ஒன்றும் தெரியவில்லை. தைத்தவளுக்கே தேடினால்தான் தெரிந்தது.

சூப்பர்வைசரும் மருமகளும் மேசை மேசையாக வந்தார்கள். சூப்பர்வைசர் பதினேழின் ஜோடியைத் தூக்கிப் பார்த்து, "பரவாயில்லையே! முதல் வாரத்துல நீங்க ஓடிப்போயிடுவீங்கன்னு நினைச்சேன்" என்றார். பட்டியலில் டிக் போடப் பேனாவைத் திறந்தார்.

மருமகள் இடது அப்பரைக் கையில் வாங்கினாள். கட்டைவிரல் நகத்தை ஓரத்தோடு ஓட்டிக்கொண்டே வந்தாள். குதிகால் பட்டையில் நகம் நின்றது. அந்த இடத்தை விரலின் மேல் வளைத்தாள். மெழுகு விரிந்தது. இரண்டு ஓட்டையும் வாயைத் திறந்தன.

"பதினேழு, இது என்ன?"

நூல் முடிச்சு, ஊசி பிசகியது, தோலிலேயே இருந்தது என்று சொல்ல ஆயிரம் இருந்தது. தையலக்கா மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. ஏதோ ஒன்றைக் கேட்கப் பயந்துகொண்டு நிற்பதுபோல் இருந்தது.

"பிரிச்சுத் தைச்சேன், டீச்சர்" என்றாள் தையலக்கா. "சொல்லாம பிரிச்சேன். தப்புதான்."

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு ஓட்டைதானே? மத்ததெல்லாம் நல்லாயிருக்கு. வயசானவங்க, விட்டுடலாமேம்மா."

"இதைக் கால் அச்சுல மாட்டி இழுக்கும்போது முதல்ல இங்கதான் சார் கிழியும். வேற யாரா இருந்தாலும் விட மாட்டேன்." மருமகள் அப்பரை மேசையில் வைத்தாள். "இவங்க என் மாமியார். அதனால கண்டிப்பா விட முடியாது."

பதினெட்டாம் மெஷினில் கத்தரி கீழே விழுந்தது.

"ஐயையோ அக்கா!" என்றாள் கண்டக்டரம்மா. "நான் என்னல்லாம் பேசினேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ சொன்னதுல என்ன தப்பு?" என்றாள் தையலக்கா.

அழ வேண்டிய நேரத்தில் கூடமே சிரித்தது. சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, டிக் போட வேண்டிய இடத்தில் குறுக்கே கோடு போட்டார். இருபத்திரண்டு பேர் தேறினார்கள். மீதி எட்டுப் பேருக்கு இன்னும் இரண்டு வாரம் கொடுத்து, மறுபடி ஒரு தேர்வு வைப்பதாகச் சொன்னார்.

அன்றைக்கு மருமகள் முதல் பஸ்ஸில் ஏறவில்லை. வாசலில் நின்றிருந்தாள். இருவரும் சேர்ந்து பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். சாலையோரம் மரம் ஒன்றும் இல்லை. வெயில் முகத்தில் அடித்தது.

"கையைத் தூக்கியிருந்தா வேற துண்டு குடுத்திருப்பேனே" என்றாள் மருமகள்.

"தெரியும். பயம். கை பழக்கம்." தையலக்கா நின்று மூச்சு வாங்கினாள். "அந்தக் கவுனை நான் பிரிச்சிருக்கக் கூடாதும்மா."

"கழுத்து கோணலாத்தான் இருந்துச்சு, அத்தை."

"இருந்தா என்ன? மூணு மாசக் குழந்தை கண்ணாடியா பாக்கப் போகுது?"

"கோணலா இருக்குன்னு சொல்லியிருந்தா நானே பிரிச்சிருப்பேன். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா ஒன்பது வருஷம் ஆயிடுச்சு, சொல்ல."

பஸ் வந்தது. உட்கார ஓர் இடம்தான் இருந்தது. 'நீங்க உக்காருங்க', 'நீ உக்காரு' என்று இருவரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது தேர்வுக்கு மருமகள் வரவில்லை. வேறு பிரிவிலிருந்து ஒருவரைப் போடும்படி அவளே கேட்டுக்கொண்டிருந்தாள். தையலக்கா அன்று ஒரு துண்டைக் கெடுத்தாள். கெடுத்த கையோடு எழுந்து நின்று, "இது போச்சு சார், வேற குடுங்க" என்றாள். வந்தவர் ஓர் உறுமலோடு வேறு துண்டைக் கொடுத்தார். தேறினாள், மூன்றாவது லைனில் போட்டார்கள். கண்டக்டரம்மா அங்கே ஏற்கெனவே மெத்தை போட்ட ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டு மெஷின் இப்போது வாரத்தில் ஒரு நாள்தான் ஓடுகிறது. மருமகள் அதில் உட்காருவதில்லை. தையலக்கா உட்காரச் சொல்வதும் இல்லை. எல்லாமே சரியாகிவிட வேண்டும் என்று என்ன இருக்கிறது?

மகன் பத்து நாள் ஓட்டம் முடித்து வீட்டுக்கு வந்த ஒரு சாயங்காலம், நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பரிமாறிக்கொண்டே மருமகள் கேட்டாள்.

"உங்க லைன்ல இன்னைக்கு எத்தனை திரும்பி வந்துச்சு?"

"மூணு. அதுல ஒண்ணு என்னோடது."

"எங்க? வளைவா?"

"வளைவெல்லாம் இல்ல. ஷூவுக்கு நாக்கு வைக்கற எடத்துல. ரெண்டு மடிப்பு சேருது பாரு, அங்க ஊசி ஏற மாட்டேங்குது."

"மடிப்பைச் சீவி மெலிசாக்காம அனுப்பியிருப்பாங்க. நீங்க ஏன் அப்படியே தைக்கறீங்க? திருப்பி அனுப்புங்க."

"அனுப்பினா அந்தச் சீவற பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வைச்சுக்கறா."

"வைச்சுக்கட்டும். இங்க பாருங்க." மருமகள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, மேசை விரிப்பின் நுனியை இரண்டாக மடித்துப் பிடித்தாள். "இவ்வளவு கனம் இருந்தா விரல்லயே தெரியும். தொட்டுப் பாருங்க."

தையலக்கா தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளும் தன் பக்கத்து விரிப்பை மடித்து, "அப்ப இது?" என்று நீட்டினாள். மருமகள் அமுக்கிப் பார்த்து, "இது போகும்" என்றாள்.

மகன் கையில் எடுத்த உணவோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். விரிப்பு இழுபட்டதில் அவனுடைய தட்டு மேசை விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தது. பேத்தி மட்டும் அதைக் கவனித்து, ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டாள்.